பஞ்சக்காவின் வண்டிக்கு மூச்சிறைத்த வாரம்

பஞ்சக்கா என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அவள் ஓட்டும் பள்ளிக்கூடப் பேருந்தின் கடைசி வரிசைப் பிள்ளைகள் வைத்தது. அவள் பிரேக் போட்டால், சன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளை விழிக்காது. மூடி போடாத தண்ணீர் பாட்டில் சிந்தாது. வேகத்தடை வந்தால் பூனை மதில் ஏறி இறங்குவதுபோலப் பேருந்து ஏறி இறங்கும். "பஞ்சு மாதிரி ஓட்டுறாங்கடா" என்று எவனோ ஒருவன் சொல்லப்போக, அது பஞ்சக்காவாகி, பிள்ளைகள் வாயிலிருந்து பெற்றோர் வாய்க்குப் போனது. கடைசியில் தலைமையாசிரியையே ஆண்டுவிழா மேடையில் "நம்ம பஞ்சக்கா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதோடு பெயர் நிலைத்துவிட்டது.

அவளுடைய தம்பி டயர்க்கடை வைத்திருப்பவன். "அக்கா பஞ்சு, நான் பஞ்சர். எங்க குடும்பமே ஒரே எழுத்துல தொடங்குற குடும்பம்" என்பான், புதிதாக யார் கடைக்கு வந்தாலும்.

இந்தப் பஞ்சுக்குள் நெருப்பு இருப்பது ஊருக்குத் தெரியாது. பஞ்சக்காவுக்கு வேகம் பிடிக்கும். கொஞ்சநஞ்சம் இல்லை, உயிர்.

அவளுடைய அப்பா தண்ணீர் லாரி ஓட்டியவர். பாதி நிறைந்த தொட்டியோடு ஓட்டுவதுதான் கஷ்டம். பிரேக்கை மிதித்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் திரண்டு வந்து முதுகில் குத்தும். அந்த லாரியில் வண்டி பழகியதால்தான் அவளுடைய கால் அவ்வளவு மென்மையானது. ஆனால் தொட்டி காலியாகி வீடு திரும்பும் வழியில் அப்பா லாரியை ஒரு விரட்டு விரட்டுவார். அப்போது தொண்டை கிழியக் கத்திச் சிரித்த பெண் அவள். நாற்பதைத் தாண்டிய பிறகும் அந்தச் சிரிப்பு உள்ளேதான் இருந்தது. அறுபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதை வெளியே விட முடியுமா?

அதற்காகத்தான் அந்தச் சிவப்பு வண்டி.

இரண்டாம் கையாக வாங்கிய சின்னக் கார். முன்பக்கம் லேசாக நசுங்கி நிமிர்த்தியது, உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். ஆனால் உள்ளே டர்போ இருந்தது. எஞ்சின் வெளியே விடுகிற புகையின் வேகத்திலேயே சுழன்று, வெளிக்காற்றை இழுத்து அமுக்கி, எஞ்சினுக்குள் திணிக்கிற சின்ன விசிறி. மனிதனை வைத்துச் சொன்னால், சாதாரணமாக மூச்சு விடுகிறவனுக்கு யாரோ பின்னாலிருந்து காற்றடித்துக் கொடுப்பதுபோல. மிதித்ததும் ஒரு கணம் ஒன்றும் இருக்காது. பிறகு முதுகில் ஒரு கை வந்து "போ" என்று தள்ளும். வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்த்தபோது அந்தக் கை தள்ளியதும், பஞ்சக்கா விற்பவர் பக்கத்தில் இருப்பதையும் மறந்து "ஐயோ அம்மா!" என்று கூவிவிட்டாள். விற்பவர் அதற்கப்புறம் விலையில் ஒரு பைசா இறங்கவில்லை.

அவளுடைய கணவர் கண்ணாடிக்கடையில் வேலை பார்ப்பவர். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவார். அவள் ஓட்டுநர் உரிமத்துக்காகக் கண்ணாடி வாங்கப் போனபோதுதான் முதல் சந்திப்பு. "காதுக்குப் பின்னாடி அழுத்துதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு, சட்டத்தைச் சூடாக்கி வளைத்து, மறுபடி கேட்டு, மறுபடி வளைத்தார். ஒரு மனுஷர் இவ்வளவு அக்கறையாகக் காதைப் பார்க்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் கல்யாணத்தில் போய் முடிந்தது. பொறுமைசாலி, சுத்தக்காரர், வேகம் என்றால் மட்டும் ஆகாது. சிவப்பு வண்டியில் ஏறினால் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார்.

அதனால்தான் பஞ்சக்கா அவரிடம் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரிக்குப் போகிற மலைப்பாதையில், மோட்டார் கிளப் ஒன்று வருஷத்துக்கு ஒருமுறை ஏற்றப் பந்தயம் நடத்தும். பாதையை அடைத்துவிட்டு ஒவ்வொரு வண்டியாக மேலே விடுவார்கள். முட்டல் மோதல் கிடையாது, கடிகாரத்தோடுதான் போட்டி. பந்தயக்காரர்கள் என்று தனியாக யாரும் இல்லை. பல் டாக்டர் வருவார், ரொட்டிக்கடைக்காரர் வருவார், தீயணைப்பு வண்டி ஓட்டுகிற பெண் வருவாள். இந்த வருஷம் பஞ்சக்காவும் பெயர் கொடுத்துவிட்டாள். தலைக்கவசம் தம்பியின் கடையில் டயர்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கண் நன்றாகத் தெரிகிறது என்று ஒரு சான்றும் கேட்டார்கள். கணவர் கடையில் எடுத்தால் குட்டு உடைந்துவிடுமே என்று, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேறு கடைக்குப் போய்க் கண்ணைக் காட்டி எழுதி வாங்கிவிட்டாள்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் திங்கட்கிழமை, காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பேருந்தை நிறுத்திவிட்டு, சிவப்பு வண்டியை எடுத்துக்கொண்டு மேம்பாலத்துப் பக்கம் போனாள். ஆள் நடமாட்டம் இல்லாத ஏற்றம் அது. மெதுவாகப் போய், மிதித்தாள்.

முதுகில் கை வரவில்லை.

இன்னும் மிதித்தாள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது, வண்டி ஏறவில்லை. எங்கேயோ 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல், பலூன் வாயைத் தளர்த்திப் பிடித்ததுபோல. காலை எடுத்தால் இரைச்சல் நின்றது, மிதித்தால் வந்தது. பின்னால் வந்த ஒரு பெரியவர், மிதிவண்டியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, எழுந்து நின்று மிதித்தபடி, அவளைத் தாண்டிப் போனார். போகும்போது ஒரு பரிதாபப் பார்வை வேறு.

பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. குழாய்கள் பளபளத்தன. பேட்டரிமேல் முகம் பார்க்கலாம். நட்டு போல்ட்டைக்கூட ஒவ்வொன்றாகத் துடைத்திருந்தது. உலகத்தில் எஞ்சினை மூக்குக்கண்ணாடிபோலத் துடைக்கிற ஆள் ஒருவர்தான். அவர் இருப்பது அவள் வீட்டில்தான்.

"இந்த மனுஷர் இதுல எப்போ கை வச்சார்?" என்று வாய்விட்டுக் கேட்டாள். முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அவள் மகளோடு துணி எடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவர் குளித்துவிட்டு, அப்பாவிபோலத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் குளித்ததாகச் சரித்திரமே இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. அந்தப் பளபளப்பைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்புத்தான் வந்தது. சரி, எவ்வளவு நேரம் தாங்குகிறார் பார்ப்போம் என்று வீட்டுக்குப் போனாள்.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் கடையிலிருந்து வந்தார். இரண்டு வாய் சாப்பிட்டதும் ஆரம்பித்தார்.

"வண்டி எப்படிம்மா ஓடுது?"

"வண்டிக்கென்ன, வண்டி மாதிரி ஓடுது."

"இல்ல... வேற மாதிரி ஏதாவது?"

"வேற மாதிரின்னா?"

"சும்மா கேட்டேன். கொஞ்சம் லேசா, கொஞ்சம் சுறுசுறுப்பா..."

"ஓ, சுறுசுறுப்பா? இன்னிக்கு மேம்பாலத்துல ஒரு சைக்கிள்காரர் என்னை முந்திட்டுப் போனாருங்க. மூட்டையோட."

வாய்க்குப் போன கை பாதி வழியில் நின்றது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளால் அதற்குமேல் நடிக்க முடியவில்லை.

"என்ன பண்ணீங்க? மறைக்காம சொல்லுங்க."

அவர் தட்டைப் பார்த்தபடியே ஒப்பித்தார். "ஏர் ஃபில்டர் மாத்தினேன். பிளக் மாத்தினேன். காத்து உள்ள போற எடத்துல ஒரு கதவு இருக்கே, த்ராட்டில், அதுல கரி புடிச்சிருந்துச்சு. குழாயைக் கழட்டி அதையும் தொடச்சேன். எல்லாம் வீடியோ பாத்துதான் பண்ணேன். திருப்பி மாட்டினப்போ 'க்ளிக்'னு சத்தம்கூட வந்துச்சு."

"எதால தொடச்சீங்க?"

"லென்ஸ் தொடைக்கிற துணியாலதான். மெத்துனு இருக்கும், கீறாது."

பஞ்சக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்லா இருந்த வண்டிக்கு எதுக்குங்க திடீர்னு வைத்தியம்?"

"சும்மாதான். பராமரிப்பு" என்றார். வேறு எதையோ சொல்ல வந்து விழுங்கியதுபோலத் தண்ணீரைக் குடித்தார்.

வாரம் முழுக்க அவளுக்குப் பேருந்து, அவருக்குக் கடை. அவள் மனசுக்குள் ஞாயிற்றுக்கிழமை எலிபோலச் சுரண்டிக்கொண்டே இருந்தது. வேறொரு நாளும் ஓட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை எஞ்சின் விளக்கும் எரிந்தது. ஒருவழியாகச் சனிக்கிழமை விடிந்ததும் வண்டியைத் தம்பியின் டயர்க்கடைக்குக் கொண்டுபோனாள். அவள் கூப்பிடவே இல்லை, கணவர் தாமாகவே கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "என்னக்கா இது, மாமாவும் வந்திருக்காரு? இன்னிக்கு லாரி டயர் நாலு வந்து கெடக்கு. அடுத்த வாரம் சாவகாசமா பாக்கலாமா?"

"இல்ல, இன்னிக்கே!"

கணவனும் மனைவியும் ஒரே மூச்சில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தனக்கு அவசரம் சரி, இவருக்கு என்ன அவசரம் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்டால் தன் குட்டு வெளியே வரும் என்பதால் கேட்கவும் முடியவில்லை.

தம்பி சின்னக் கருவி ஒன்றை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, திரையைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"டர்போ அழுத்தம் பத்தலைன்னு சொல்லுது. எனக்கென்னவோ டர்போவே போயிருச்சுன்னு தோணுதுக்கா. அது போச்சுன்னா இந்த வண்டியில பாதி போன மாதிரி."

கணவர் முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ நினைவு வந்தவர்போல மெல்லக் கேட்டார். "மாப்ள, துணி ஏதாவது உள்ள போயிருந்தா?"

"துணியா? என்ன துணி?"

"மஞ்சள் துணி. கடையில இருந்து ஒரு கட்டு எடுத்துட்டு வந்தேன். திரும்பி எண்ணிப் பாத்தா ஒண்ணு கொறையுது. திங்கட்கிழமையில இருந்து தேடுறேன்."

தம்பி தலையில் கை வைத்தான். "மாமா, டர்போ துணி தின்னா உயிரோட இருக்குமா? வாங்க, மொதல்ல அதைப் பாத்துருவோம்."

ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றினார்கள். தம்பி கைவிளக்கை அடித்துக்காட்ட, பஞ்சக்கா விரலை விட்டுச் சின்ன விசிறியைச் சுண்டிப் பார்த்தாள். தடையில்லாமல் சுழன்றது. இதழ் ஒன்றும் உடையவில்லை, பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை. துணி இருந்த சுவடும் இல்லை.

"டர்போ பிழைச்சுது. அப்போ துணி எங்க?" என்றார் கணவர், இன்னும் நிம்மதி வராமல்.

பஞ்சக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "மஞ்சள் துணின்னா... ஓரத்துல பச்சை நூல் தைச்சது?"

"ஆமா!"

"அட, அது சாப்பாட்டு மேசைமேல கெடந்துச்சுங்க. பஸ் கண்ணாடி தொடைக்க நல்லா இருக்கும்னு நான்தான் எடுத்துட்டுப் போனேன். நாலு நாளா என் பக்கத்துலதான் தொங்குது!"

தம்பி லாரி டயர்மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கணவர் நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார். அந்தக் காற்றை டர்போவுக்குக் கொடுத்திருந்தால் வண்டி அப்போதே பறந்திருக்கும்.

இனி வேலை ஒழுங்காக நடந்தது. குழாய்களின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார்கள், எல்லாம் இறுக்கம். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற மெல்லிய ரப்பர்க் குழாயை வளைத்துப் பார்த்தார்கள், வெடிப்பு இல்லை. எஞ்சினை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்கள். தாலாட்டுபோலச் சீராக ஓடியது.

"கண்ணுக்கு எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்றான் தம்பி.

பஞ்சக்கா இடுப்பில் கை வைத்து யோசித்தாள். "சும்மா நிக்கிறப்போ சரியா இருக்குடா. மெதுவா போனாலும் சரியா இருக்கு. மிதிச்சு, அழுத்தம் ஏறுறப்போதான் இரைச்சல் வருது. அழுத்தம் இல்லாதப்போ ஓட்டை எப்படித் தெரியும்? டியூப்ல காத்தடிக்காம பஞ்சர் பாப்பியா நீ?"

தம்பி நிமிர்ந்தான். "அக்கா! அது சரி. காத்தடிச்சுப் பாக்கணும். ஆனா டியூப்னா தொட்டித் தண்ணியில முக்குவேன், வண்டியை எதுல முக்குறது?"

"சோப்புத் தண்ணி தெளிச்சா போதாதா?" என்றார் கணவர். "கடையில லென்ஸுக்கு வச்சிருக்கிற ஸ்பிரே பாட்டில் என் பையில இருக்கு."

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் கை பரபரத்தது. தம்பி ஒரு பிளாஸ்டிக் குழாய் மூடியில் துளை போட்டு டயர் வால்வு ஒன்றைச் சொருகினான். மூடி டர்போவின் வாயில் சரியாக உட்காரவில்லை. கணவர் அதை வாங்கி, சட்டைப்பையிலிருந்து குட்டி அரத்தை எடுத்து, லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். தேய்ப்பார், பொருத்துவார், எடுப்பார், மறுபடி தேய்ப்பார். "காதுக்குப் பின்னாடி அழுத்துதான்னு கேளுங்க" என்றாள் பஞ்சக்கா. அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தேய்ப்புத் தேய்த்தார். மூடி பிறந்த வீடு வந்ததுபோல உட்கார்ந்தது.

"காத்தை மெதுவாத் தொறடா. ரொம்பப் போச்சுன்னா நல்லா இருக்கிற ரப்பரும் பிய்ச்சுக்கும்" என்றாள். தம்பி கம்ப்ரசர் குழாயை மாட்டிச் சன்னமாகத் திறந்தான். எஞ்சினுக்குள்ளிருந்து லேசாகப் புஸ்ஸென்று கேட்டது. கணவர் பதறினார். "அது உள்ளுக்குள்ள வால்வு வழியாப் போறது, எப்பவும் இருக்கும் மாமா. வெளியில பாருங்க" என்றான் தம்பி.

பஞ்சக்கா ஸ்பிரே பாட்டிலோடு டர்போவிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு இணைப்பாகத் தெளித்துக்கொண்டே வந்தாள். ஒன்றுமில்லை. முன்பக்கம் காற்றைக் குளிரவைக்கிற தகட்டுப்பெட்டியின் இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. அங்கிருந்து மேலேறி எஞ்சினுக்குப் போகிற தடித்த குழாயின் கடைசி முனை, அவர் துடைத்த அந்தக் கதவின் வாய். அங்கே தெளித்ததும் ஒரு குமிழி எழுந்தது. சின்னதாக எழுந்து, பெரிதாகி, வானவில் நிறம் காட்டி, பட்டென்று வெடித்தது. அது வெடித்த இடத்தில் நாலைந்து குமிழிகள் கொத்தாகக் கிளம்பின.

"அங்க! அங்க!" என்று மூவரும் கத்தினார்கள். பக்கத்துக் கடைக்காரர் ஏதோ விபத்து என்று வெளியே ஓடிவந்தார்.

குழாயைக் கழற்றினாள். உள்ளே இருந்த ரப்பர் வளையம் அதன் பள்ளத்தில் இல்லை. மாட்டும்போது நழுவி, ஒரு பக்கம் மடங்கி, நசுங்கிக் கிடந்தது. குழாயைப் பிடிக்கிற கொக்கி மட்டும் அதுவரை வெளியே ஒழுங்காகப் பூட்டியிருந்தது.

"க்ளிக்னு கேட்டுச்சே!" என்றார் கணவர், ஆற்றாமையோடு.

"கேட்டது நிஜம்தான் மாமா. உள்ள வளையம் சொருகிக்காமலே வெளிய கொக்கி பூட்டிக்கிச்சு."

"அப்போ இது ஒண்ணுதானா? வளையம் மாத்தினா போதுமா?" அவர் முகம் மலர்ந்து விரிந்தது. "அப்பாடா! நாளைக்கு மலை ஏறிடும்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

பஞ்சக்கா ஸ்பிரே பாட்டிலைக் கீழே வைத்தாள். "எந்த மலை?"

தம்பி கம்ப்ரசரை அணைத்தான். 

"எந்த மலைங்க?"

கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கண்ணாடிக்கடை வச்சிருக்கானே, அவன் போன் பண்ணான். 'ஏம்ப்பா, உன் வீட்டம்மா எங்க கடைக்கு வந்து கண் டெஸ்ட் எடுத்துட்டுப் போறாங்களே, வீட்டுல எதுவும் சண்டையா?'ன்னான். எனக்குச் சாப்பாடே எறங்கல. என் பொண்டாட்டி என்னை விட்டுட்டு போட்டிக் கடைக்குப் போறாளேன்னு. அப்புறம் அவனே சொன்னான், பந்தயத்துக்காம்னு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். நான் பயப்படுவேன்னுதானே சொல்லலை? பயம் நிஜம்தாம்மா. அந்த வளைவெல்லாம் நெனச்சா எனக்கு இப்பவே கைப்பிடியைத் தேடத் தோணுது. ஆனா போகாதேன்னு சொல்ல மனசு வரல. நீ அந்த வண்டியில இருந்து எறங்கி வர்றப்போ உன் முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதான், வண்டியையாவது நல்லாப் பண்ணித் தரலாம்னு..." நசுங்கிய வளையத்தை விரலில் சுழற்றினார். "நல்லாத்தான் பண்ணிருக்கேன் பாரு."

பஞ்சக்கா அவர் விரலைப் பார்த்தாள். இத்தனை நாள் தான் ஒளித்து வைத்ததை இவர் தெரிந்துகொண்டே, தெரியாத மாதிரி, இரண்டு கையும் கரியாகக் குனிந்து துடைத்திருக்கிறார்.   "பயந்தாங்கொள்ளி மாதிரி இருந்துட்டு பண்ற வேலையைப் பாரு" என்று அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

தம்பி கண்ணைத் துடைத்தான். "சோப்புத் தண்ணி பட்டிருச்சு" என்றான், யாரும் கேட்காமலே. பிறகு டயர்களுக்குப் பின்னால் போய்த் தலைக்கவசத்தை எடுத்து வந்து, "இனிமே இதை நான் ஒளிச்சு வைக்கத் தேவையில்லைல்ல? மூணு வாரமா எலி கடிச்சுருமோன்னு பயமா இருக்கு" என்று அவள் கையில் கொடுத்தான்.

கணவரே தம்பியின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு உதிரிபாகக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாராம். இவர் குனிந்து உள்ளே தலையை நீட்டி, நசுங்கிய வளையத்தைக் காட்டி, "ஐயா, என் குடும்ப விஷயம்" என்றாராம். வரும்போது அளவுக்கு இரண்டு வளையம் கொண்டு வந்தார், ஒன்று தொலைந்தால் இருக்கட்டும் என்று.

பள்ளத்தைத் துடைத்து, புது வளையத்தில் துளி எண்ணெய் தடவி, நேராக உட்காரவைத்து, பஞ்சக்காவே குழாயை அழுத்தினாள். 'க்ளிக்.' பிடித்து இழுத்துப் பார்த்தாள். மறுபடி காற்று, மறுபடி சோப்புத் தண்ணீர். ஒரு குமிழிகூட இல்லை.

மூன்று பேரும் ஏறிக்கொண்டு மேம்பாலத்துக்குப் போனார்கள். பின்சீட்டில் தம்பி மடங்கி உட்கார்ந்திருந்தான். ஏற்றம் தொடங்கியதும் அவள் மிதித்தாள். ஒரு கணம் ஒன்றும் இல்லை. அடுத்த கணம் அந்தக் கை வந்தது. மூவர் முதுகும் ஒரே நேரத்தில் இருக்கையில் ஒட்டியது. "வந்துருச்சு!" என்று பஞ்சக்கா அலறினாள். "வந்துருச்சும்மா, போதும்மா, தெரிஞ்சுதும்மா!" என்று கணவர் கைப்பிடியில் தொங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குவாரி அடிவாரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. வெயில் இதமாக இருந்தது. பல் டாக்டர் தன் வெள்ளை வண்டிக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். ரொட்டிக்கடைக்காரர் எல்லோருக்கும் சுடச்சுட ரொட்டி கொடுத்தார். தின்றால் எடை கூடித் தோற்பார்கள் என்பது அவர் கணக்கு. கணவர் ஜீப் ஒன்றில் தொற்றிக்கொண்டு முன்னதாகவே உச்சிக்குப் போய்விட்டார். கிளம்புவதைப் பார்க்கத் தைரியம் இல்லை, வந்து சேர்வதைப் பார்த்தால் போதும் என்றார்.

கொடி இறங்கியதும் பஞ்சக்கா கிளம்பினாள். முதல் நேர்ப்பாதையில் கை முதுகைத் தள்ளியது. முதல் வளைவில், மற்றவர்கள் டயர் கதற பிரேக் அடித்த இடத்தில், அவள் கால் தன் பழக்கத்துக்கு மெல்ல அமிழ்ந்தது. வண்டி அலுங்காமல் திரும்பி, வேகம் அதிகம் குறையாமல் வெளியே வந்தது. பிள்ளைகளுக்காகப் பழகிய கால் இப்படி வேகத்துக்கும் உதவும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வானம். தொண்டையிலிருந்து ஒரு சிரிப்பு தானாகக் கிளம்பியது. தலைக்கவசத்துக்குள் அவள் சிரிப்பு அவளுக்கே இரைச்சலாகக் கேட்டது. கடைசி ஏற்றத்தில் மிதித்த காலை எடுக்கவே இல்லை.

உச்சியில் கோட்டைத் தாண்டி நிறுத்தினாள். கணவர் ஓடிவந்து கதவைத் திறந்தார். ஏதோ கேட்க வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டுவிட்டார்.

அவளுக்கு மூன்றாம் இடம். தீயணைப்பு வண்டிக்காரி முதல், பல் டாக்டர் இரண்டாவது. மகளுக்குப் போன் போட்டுச் சொன்னதும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த கூச்சலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

பரிசு கொடுக்கும்போது ஒலிபெருக்கிக்காரர் வெற்றி பெற்ற ஒவ்வொருவரிடமும், "உங்க மெக்கானிக் யாருங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். பஞ்சக்காவின் முறை வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கணவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து மைக்குக்கு முன் நிறுத்தினாள். அவர் காதுவரைக்கும் சிவந்துபோனார்.

"நான் மெக்கானிக் இல்லைங்க" என்றார். "கண்ணாடிக்கடையில வேலை. இந்த வண்டியைக் கெடுத்தது மட்டும்தான் நான். சரி பண்ணது இவங்களும் என் மச்சானும்."

கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் பல் டாக்டர் அவர் தோளைத் தொட்டார். "சார், ஒரு நிமிஷம். என் வண்டியிலயும் நானே போன வாரம் ஃபில்டர் மாத்தினேன். அதுல இருந்து ஒரு 'ஸ்ஸ்'னு சத்தம்..."

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தம்பியைப் பார்த்தாள். தம்பி ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டு, "முதல்ல துணியை எண்ணுங்க டாக்டர்" என்றான்.

மலையிறங்கும்போது எல்லா வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தன. பள்ளிக்கூட வாசலில் ஒருநாளும் ஹாரனைத் தொடாத பஞ்சக்கா, கடைசி வளைவு தாண்டும்வரை உள்ளங்கையை அதன்மேலிருந்து எடுக்கவே இல்லை.